மொந்தெபுல்ச்சானோன்னா ஊரா, திராட்சையா? இத்தாலி ஒயின் லேபிள் படிக்க நான் கத்துக்கிட்டது

2018 செப்டம்பர்ல இத்தாலியில தொரினோவுக்கு (டூரின்) மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். ஸ்டூடண்ட் பெர்மிட்ல வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாக்கலாம்ங்கறதால 'போ'ங்கற ஆத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரெஸ்டாரன்ட்ல சாயங்கால ஷிஃப்ட்ல சேர்ந்தேன், முதல்ல பாத்திரம் கழுவுற வேலை, ஆறு மாசம் போல ஆனதும் பேச்சு கொஞ்சம் வர ஆரம்பிச்சதால டேபிள் பாக்க விட்டாங்க. டேபிள் பாக்குறதுன்னா அங்க சாப்பாட்ட கொண்டு போய் வெச்சா மட்டும் போதாது, என்ன ஒயின் நல்லாருக்கும்னு கேப்பாங்க, எந்த ஊருதுன்னு கேப்பாங்க, எந்த திராட்சைன்னு கேப்பாங்க. எனக்கு அப்ப தெரிஞ்சது சிவப்பு, வெள்ளை, நுரை வர்றது, இந்த மூணுதான். சமையக்கட்டு கதவுக்குப் பின்னாடி ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு, இடது பக்கம் ஒயின் பேரு, வலது பக்கம் திராட்சை பேரு, கீழ விலை. எனக்கு முன்னாடி வேலை பாத்தவங்க யாரோ எழுதினது. அத பரீட்சைக்கு படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணி டேபிள்ல போய் ஒப்பிச்சுட்டு இருந்தேன்.

ஏப்ரல்ல ஒரு வெள்ளிக்கிழமை, வயசான ஒரு தம்பதி வந்தாங்க. பெரியவர் லிஸ்ட்ட பாத்துட்டு 'வினோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ' கேட்டார். நானும் பாட்டில கொண்டு போய் லேபிள் அவருக்குத் தெரியற மாதிரி காட்டி, இது மொந்தெபுல்ச்சானோ திராட்சையில செஞ்சது சார், நல்லா கனமா இருக்கும்னு சொன்னேன். அவர் கண்ணாடிய கழட்டிட்டு என்ன பாத்தார். கோவமா பேசல, அதுதான் எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. "தம்பி, நான் அப்ருட்சோக்காரன். மொந்தெபுல்ச்சானோ எங்க ஊர் திராட்சை, எங்க அப்பா அதுலதான் எங்கள படிக்க வெச்சார். நீ கையில வெச்சிருக்கிறது தொஸ்கானாவுல மொந்தெபுல்ச்சானோன்னு ஒரு ஊர் இருக்கு, அந்த ஊரோட ஒயின். திராட்சையே வேற"ன்னு சொல்லிட்டு, அந்த பாட்டில் வேண்டாம், உங்க கடையோட சாதா ஒயினே அரை லிட்டர் கொடுன்னுட்டார். பேப்பர்ல தப்பா எழுதியிருந்துச்சுன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது, ஆனா அவர்கிட்ட அத சொன்னது என் வாய்தானே. ஒருத்தர் தன் அப்பாவோட நிலத்துப் பேர வேற எதுக்கோ வெச்சு கேக்குறது எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

கடைய மூடினப்புறம் சிஞோரா, அதாவது ஓனரம்மா, என்னைய உக்கார வெச்சாங்க. திட்டல. ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து நடுவுல ஒரு கோடு இழுத்து இடது பக்கம் மேல 'ஊர்', வலது பக்கம் மேல 'திராட்சை'ன்னு அவங்க கையாலயே எழுதினாங்க. "இத்தாலி லேபிள்ல ஒரு பேரப் பாத்தா முதல் கேள்வி இதுதான், இது ஊரா, திராட்சையா, ரெண்டும் சேர்ந்ததா. இது தெரியாம வேற எதையும் கத்துக்காத"ன்னாங்க. இப்ப யாராவது என்கிட்ட இத்தாலி ஒயின் எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நானும் அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்கிறேன்.

விஷயம் இப்படி. பரோலோன்னா ஊர், அது ஒரு சின்ன கிராமம், தொரினோ இருக்கிற அதே பியமோந்தே மாநிலத்துல. லேபிள்ல திராட்சை பேரே இருக்காது, ஆனா உள்ள இருக்கிறது நூத்துக்கு நூறு நெப்பியோலோ. பார்பரெஸ்கோவும் அப்படித்தான், ஊர் பேரு, நூத்துக்கு நூறு நெப்பியோலோ. ஆனா 'பார்பேரா தாஸ்தி'ன்னு இருந்தா பார்பேராங்கறது திராட்சை, அஸ்திங்கறது ஊர், நடுவுல 'தி' வந்தா இன்ன ஊரோடதுன்னு அர்த்தம், அதுதான் அஸ்தியோட ஒட்டி 'தாஸ்தி' ஆகுது. 'ஃபியானோ தி அவெல்லினோ' அதே மாதிரி, திராட்சை முன்னாடி, ஊர் பின்னாடி. 'மொந்தெபுல்ச்சானோ தாப்ருட்சோ'ன்னா மொந்தெபுல்ச்சானோ திராட்சை, அப்ருட்சோ மாநிலம், அந்தப் பெரியவரோடது. 'வினோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ'ன்னா மொந்தெபுல்ச்சானோங்கற ஊரோட உயர்ந்த ஒயின், அதுல குறைஞ்சது 70 சதவீதம் சஞ்ஜொவேசேங்கற திராட்சை இருக்கணும். ஒரே சொல், ஒரு பாட்டில்ல முன்னாடி வந்தா திராட்சை, இன்னொண்ணுல பின்னாடி வந்தா ஊர். என்னைய மாதிரி வெளியிலிருந்து வந்தவன் மாட்டிக்கிறது இங்கதான், இத்தாலிக்காரங்களே சில பேர் மாட்டிக்கிட்டு நான் பாத்திருக்கேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப சுலபமா புரியற விஷயம்னு எனக்குத் தோணும். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு கிடைச்சுதே, அந்தப் பேர பாருங்க, கம்பம் ஊர், பன்னீர் திராட்சை ரகம், பார்பேரா தாஸ்தி மாதிரியேதான், என்ன நாம ஊர முன்னாடி வெப்போம். அந்த மண்ணுல அந்த ரகம் வெளஞ்சாதான் அந்தப் பேரு. இத்தாலி இத 1963லயே ஒயினுக்கு சட்டமா போட்டுச்சு, டிஓசின்னு பேரு. அதுக்கு மேல ஒரு படி டிஓசிஜி, கடைசி எழுத்து ஜி 'கரந்தீதா', உத்தரவாதம். 1980ல முதல் தடவையா கொடுத்தப்ப பரோலோ, பார்பரெஸ்கோ, புருனெல்லோ தி மொந்தால்ச்சீனோ, வினோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ இந்த நாலுக்குத்தான். இப்ப எழுபதுக்கு மேல இருக்கு. டிஓசிஜி பாட்டில் கழுத்துல ஒரு நீளமான சீட்டு ஒட்டியிருக்கும், அரசாங்க முத்திரையோட, ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனி நம்பர், ரோம்ல ரூபாய் நோட்டு மாதிரி பாதுகாப்பான பேப்பர் அச்சடிக்கிற அரசு அச்சகத்துல அதுவும் அச்சாகுது. விக்கிறதுக்கு முன்னாடி லேப்ல சோதிக்கணும், ஒரு குழு உக்காந்து குடிச்சுப் பாத்து பாஸ் பண்ணணும்.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னு ஒரு நாள் கேட்டப்ப சிஞோரா 1986 பத்தி சொன்னாங்க. பரோலோவுக்குப் பக்கத்துலயே ஒரு ஊர்ல, மலிவான ஒயின்ல போதை ஏத்துறதுக்காக மெத்தனால் கலந்து வித்திருக்காங்க, இருபது பேருக்கு மேல செத்துட்டாங்க, சில பேருக்கு கண்ணு போச்சு. மெத்தனால் என்ன செய்யும்னு தமிழ்நாட்டுல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் நல்லா செய்யறவங்க ஒயினையும் யாரும் வாங்கல, ஏற்றுமதி படுத்துடுச்சு, பரோலோ இருக்கிற லாங்கே மலைப் பக்கம் பல குடும்பம் அந்த ஒரு வருஷத்துலதான் அளவ குறைச்சு தரத்த பாப்போம்னு மாறினாங்கன்னு அவங்க சொன்னாங்க. 1992ல சட்டத்தையே திரும்ப எழுதினாங்க. அந்த சீட்ட நான் அதுவரைக்கும் அலங்காரம்னு நினைச்சு கார்க் எடுக்கிறப்ப கிழிச்சுப் போட்டுட்டு இருந்தேன். அன்னிலிருந்து டேபிள்ல முதல்ல சீட்டத்தான் காட்டுவேன்.

அந்த வருஷம் அக்டோபர்ல, 2019, சிஞோராவோட சொந்தக்காரர் ஒருத்தர் தோட்டத்துல ஆள் பத்தலன்னு சொல்லி திராட்சை பறிக்க என்னைய அனுப்பி வெச்சாங்க. காலேஜுக்கு ஒரு வாரம் லீவு போட்டுட்டுப் போனேன். செர்ராலுங்கா தால்பா பக்கம், பரோலோங்கற பேர போட்டுக்க உரிமை இருக்கிற 11 ஊர்ல அது ஒண்ணு. காலையில ஏழு மணிக்கு மலைக்கு மேல நின்னா கீழ பள்ளம் பூரா பனி மூட்டம், பால் ஊத்தி வெச்ச மாதிரி இருக்கும். பனி மூட்டத்துக்கு இத்தாலியன்ல நெப்பியா, அதுலருந்துதான் நெப்பியோலோங்கற பேரு வந்திருக்கும்னு பல பேர் சொல்றாங்க, அந்த நேரத்துல நின்னு பாத்தா நம்பத்தான் தோணும்.

வேலை எப்படின்னா, ஒரு வரிசைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேர், கையில ஒரு சின்ன கத்தரி, காலுக்குப் பக்கத்துல சிவப்பு பிளாஸ்டிக் கூடை. கொத்த இடது கையில ஏந்திட்டு காம்ப வெட்டணும், கூடையில போடக்கூடாது, வெக்கணும். கூடைய முழுசா நிரப்பக் கூடாது, அடியில இருக்கிறது நசுங்கினா அங்கயே புளிக்க ஆரம்பிச்சுடும். நிரம்பின கூடை இருபது கிலோ இருக்கும், சரிவுல அத தூக்கிட்டு வரிசை முனைக்கு வரணும், மதியத்துக்குள்ள முதுகு தனியா பேசும். விரல் எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், குளவி சுத்தும். எனக்கு எதிர் பக்கம் மாசிடோனியாவுலருந்து இருபது வருஷமா அறுப்புக்கு வர்ற ஒரு பெரியவர் நின்னார், நான் ஒரு கொத்த வெட்டப் போனப்ப கைய புடிச்சு நிறுத்திட்டார். கொத்தோட ஒரு பக்கத்த திருப்பிக் காட்டினார், உள்பக்கம் நாலு பழம் அழுகி சாம்பல் பூத்திருந்துச்சு. அத மட்டும் கத்தரி முனையால எடுத்து கீழ போட்டுட்டு, ஒரு நல்ல பழத்த என் வாயில போட்டு "தோல மெல்லு, விதைய கடி"ன்னார். விதை பழுப்பா, வறுத்த கடலை மாதிரி மொறுக்குன்னு உடஞ்சா பழுத்தாச்சு, பச்சையா கசந்தா இன்னும் ஆகல. கருவி ஏதும் இல்லாம பல்லாலயே பாத்துடறார்.

பழம் இனிப்பா இருந்துச்சு, ஆனா தோல மென்ன உடனே வாய் இழுத்துக்கிச்சு. நாவல்பழம் தின்னா நாக்கு ஒரு மாதிரி கரகரன்னு ஆகுமே, அதேதான். அந்த நிமிஷம்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்குச்சு. ரெஸ்டாரன்ட்ல எல்லாரும் டேனின் டேனின்னு சொல்லுவாங்க, நான் அது ஏதோ ஒரு வாசனைன்னு நினைச்சுட்டு இருந்தேன். அது நம்ம துவர்ப்பு. வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு எல்லாத்துலயும் இருக்கிறதேதான். என் கூட படிச்ச வெளிநாட்டுப் பசங்களுக்கு டேனின் எப்படி இருக்கும்னு விளக்க 'ஈரம் போன மாதிரி', 'ஊறின டீ மாதிரி'ன்னெல்லாம் சுத்தி வளைக்க வேண்டியிருக்கு, நமக்கு அறுசுவையில ஒண்ணா சின்ன வயசுலயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. தமிழ்ல ஒயின் பத்திப் பேசுறவங்க டேனின்னு எழுதாம துவர்ப்புன்னே எழுதலாம்னு நான் நினைக்கிறேன், படிக்கிறவங்களுக்கு உடனே நாக்குல தெரியும்.

நெப்பியோலோ பத்தி ஏன் இவ்வளவு சொல்றேன்னா அது கண்ணுல ஏமாத்துற திராட்சை. கிளாஸ்ல ஊத்தினா நிறம் வெளுப்பா இருக்கும், அந்தப் பக்கம் விரல் வெச்சா தெரியும், சில வருஷம் போனா செங்கல் நிறத்துக்கு வந்துடும். பாத்துட்டு லேசான ஒயின்னு நினைச்சு ஒரு மடக்கு குடிச்சா துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்து அடிக்கும். தோட்டத்துலயும் அது பிடிவாதம், எல்லா ரகத்துக்கும் முன்னாடி துளிர் விட்டுடும், அதனால பின்பனிக்கு மாட்டும், பழுக்கிறது எல்லாத்துக்கும் கடைசி. தொல்செத்தோங்கற ரகம் செப்டம்பர்லயே வந்துடும், அப்புறம் பார்பேரா, கடைசியாதான் இது. அதனாலதான் நல்ல வெயில் விழுற சரிவுல மட்டும் நெப்பியோலோவுக்கு இடம். சட்டத்துலயே வடக்கு பாத்த சரிவுல நட்டா பரோலோன்னு போடக் கூடாதுன்னு இருக்கு, ஒரு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. அறுத்த வருஷம் நவம்பர் 1லருந்து 38 மாசம் வெச்சிருந்துதான் வெளிய விடணும், அதுல 18 மாசமாவது மரப்பீப்பாயில இருக்கணும். ரிசெர்வான்னு போட்டிருந்தா 62 மாசம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாசம், பீப்பாயில 9 மாசம். இந்த நம்பர எல்லாம் நான் முதல்ல சும்மா மனப்பாடம் பண்ணேன், கூடை தூக்கினப்புறம்தான் அர்த்தம் புரிஞ்சுது. அந்தத் துவர்ப்பு அடங்க அவ்வளவு நாள் வேணும். ஒரு குடும்பம் இன்னிக்கு அறுத்தத மூணு வருஷத்துக்கு மேல காசாக்க முடியாம வெச்சிருக்காங்க, விலை ஏன் அவ்வளவுன்னு கேக்குறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

தொஸ்கானாவுக்கு வந்தா கதை வேற. பியமோந்தேல ஊர் மாறினா ஒயின் பேரு மாறும், தொஸ்கானாவுல திராட்சைக்கே ஊருக்கு ஊர் வேற பேரு. எல்லாம் அடிப்படையில சஞ்ஜொவேசேதான். மொந்தால்ச்சீனோவுல அத புருனெல்லோன்னு கூப்பிட்டாங்க, தனி ரகம்னு ரொம்ப நாள் நினைச்சாங்க, மொந்தெபுல்ச்சானோ ஊர்ல ப்ருன்யோலோ ஜென்தீலே, ஸ்கன்சானோ பக்கம் மொரெல்லீனோ. புருனெல்லோ தி மொந்தால்ச்சீனோ நூத்துக்கு நூறு சஞ்ஜொவேசே, அறுத்த வருஷத்துக்கு அப்புறம் அஞ்சாவது வருஷம் ஜனவரி 1க்கு முன்னாடி விக்க முடியாது. கியாந்தி கிளாசிகோவுல குறைஞ்சது 80 சதவீதம், மிச்சத்துக்கு வேற சிவப்பு ரகம் சேர்த்துக்கலாம், கழுத்துல கருப்பு சேவல் படம் இருக்கும். வெறும் 'கியாந்தி'ன்னு இருந்தா அது வேற, ரொம்ப பெரிய பரப்பு, ரெண்டுக்கும் டிஓசிஜி சீட்டு இருக்கு ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. கடையில இந்த ரெண்டையும் ஒண்ணா நினைச்சு வாங்கிட்டு வந்து ஏமாந்த நண்பர்கள் எனக்கு நாலு பேராவது இருக்காங்க. இந்த கிளாசிகோ எல்லை இன்னிக்கு நேத்து வந்தது இல்ல, 1716லயே மூணாம் கோசிமோங்கற தொஸ்கானா கிராண்ட் டியூக் கியாந்தி எதுவரைக்கும்னு எல்லை போட்டு உத்தரவு போட்டிருக்கார்.

ப்ரோசெக்கோன்னு நுரை வர்ற வெள்ளை ஒயின் ஒண்ணு இருக்கு, அதோட கதையும் இங்க சொல்லிடறேன், ஏன்னா ஊர் திராட்சை சண்டைக்கு அத விட நல்ல உதாரணம் இல்ல. 2009 வரைக்கும் ப்ரோசெக்கோங்கறது திராட்சை பேரு. திராட்சை பேருன்னா உலகத்துல யார் வேணா நட்டு அதே பேர்ல விக்கலாம், ஆஸ்திரேலியாவுல எல்லாம் நட்டாங்க. அப்ப இவங்க என்ன பண்ணாங்கன்னா, திரியெஸ்தே பக்கத்துல ப்ரோசெக்கோன்னு ஒரு கிராமம் இருக்கு, அதையும் எல்லைக்குள்ள சேர்த்து பேர ஊர் பேரா மாத்திட்டு, திராட்சைக்கு க்ளேரான்னு அதோட பழைய பேரையே திரும்ப வெச்சுட்டாங்க. கொனெல்யானோ வல்தொப்பியாதேனே, அசோலோ மலைப்பகுதிகளுக்கு டிஓசிஜி, சுத்தி இருக்கிற பெரிய சமவெளிக்கு டிஓசி. பேர காப்பாத்த ஒரு நாடு திராட்சையோட பேரையே மாத்துதுன்னா அந்தப் பேருக்குப் பின்னாடி எத்தனை பேர் பொழப்பு இருக்குன்னு யோசிச்சுப் பாக்கணும்.

மத்ததெல்லாம் நோட்டுல சீக்கிரமா எழுதிட்டேன், ஏன்னா ரெஸ்டாரன்ட்ல அதிகமா போகல. தவ்ராசி, தெக்க கம்பானியாவுல, அல்யானிகோ திராட்சை, நெப்பியோலோ மாதிரியே லேட்டா பழுக்கிறது, எரிமலை மண்ணு. பக்கத்துலயே வெள்ளையில கிரேகோ தி தூஃபோ, இதுல கிரேகோ திராட்சை, தூஃபோ ஊர். உம்பிரியாவுல மொந்தெஃபால்கோ சக்ராந்தீனோ, நான் குடிச்சதுலயே அதிகமான துவர்ப்பு இதுதான், கடுக்காய் வாயில போட்ட மாதிரி, இத சின்ன வயசு பாட்டில்ல தொடாதீங்க. சிசிலியில மொத்தமே ஒரே ஒரு டிஓசிஜிதான், செரசுவோலோ தி வித்தோரியா, நேரோ தாவோலாவும் ஃப்ரப்பாத்தோவும் கலந்தது, வெயில் காலத்துல கொஞ்சம் ஜில்லுனு குடிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். வல்பொலிசெல்லாவுல அமரோனே, இது ஊரும் இல்ல திராட்சையும் இல்ல, செய்முறைக்கு உள்ள பேரு. முக்கியமா கொர்வீனா திராட்சை, அறுத்ததும் பிழியாம காத்தோட்டமான மாடியில தட்டு தட்டா பரப்பி மூணு மாசத்துக்கு மேல காய விடுவாங்க, எடையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு போயிடும், அப்புறம்தான் பிழியறது. நம்ம வீட்டுல வத்தல் போடுற வேலைதான், மழை ஈரம் பட்டா பூஞ்சை புடிச்சு எல்லாம் போச்சு, அந்த பயமும் அதேதான். அதுல போதை, அதாவது ஆல்கஹால், குறைஞ்சது 14 சதவீதம், ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ் போதும்.

இப்ப ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சீட்டு இருந்தா நல்ல ஒயின்னு நினைச்சு வாங்க ஆரம்பிச்சீங்கன்னா காசு போகும், எனக்குப் போயிருக்கு. சூப்பர் மார்க்கெட்ல 12 யூரோவுக்கு பரோலோன்னு பாத்ததும் அள்ளிட்டு வந்தேன், சீட்டு, நம்பர் எல்லாம் சரியா இருந்துச்சு, குடிச்சா வெறும் புளிப்பும் துவர்ப்பும், பழமே இல்ல. சட்டத்த மீறி செஞ்சதுன்னு நான் சொல்லல, சட்டம் சொன்ன குறைஞ்சபட்சத்த மட்டும் செஞ்சிருக்காங்க. சீட்டு சொல்றது இன்ன ஊர், இன்ன திராட்சை, இத்தனை மாசம் வெச்சிருந்தோம்ங்கறது மட்டும்தான், யார் கை பட்டுச்சுங்கறத லேபிள்ல உள்ள தயாரிப்பாளர் பேருதான் சொல்லும். எதிர்ப்பக்கமும் உண்டு. தொஸ்கானா கடற்கரையில பொல்கெரியில செய்யற சஸ்ஸிகாயா, கபெர்னே திராட்சை, 1968 விளைச்சல்தான் முதல்ல கடைக்கு வந்துச்சு, அந்த ஊர்ல கபெர்னேக்கு சட்டத்துல இடம் இல்லாததால பல வருஷம் சாதாரண மேசை ஒயின்னு லேபிள் போட்டு வித்தாங்க, உலகமே தேடிப் போய் வாங்குச்சு. இன்னிக்கும் அது டிஓசிதான், டிஓசிஜி இல்ல.

அதனால குறைஞ்ச காசுல கத்துக்கணும்னா என் வழி இது. பரோலோ மலிவா தேடாதீங்க, பரோலோ நல்லா செய்யற ஒரு வீட்டோட 'லாங்கே நெப்பியோலோ' வாங்குங்க. அதே கை, பல சமயம் அதே தோட்டத்து இளம் கொடி, விலை பாதிக்கும் கீழ, சீக்கிரமே குடிக்கலாம். அதே மாதிரி புருனெல்லோவுக்கு பதிலா அதே வீட்டோட 'ரோஸ்ஸோ தி மொந்தால்ச்சீனோ'. இந்த ரெண்டும் டிஓசிதான், சீட்டுல ஒரு படி கீழ, ஆனா எனக்கு சஞ்ஜொவேசேன்னா என்ன, நெப்பியோலோன்னா என்னன்னு நாக்குல பழக்கினது இதுங்கதான். பழகினப்புறம் பெரிய பாட்டில் வாங்கினா எதுக்கு காசு கொடுக்கிறோம்னு தெரியும்.

சாப்பாடு விஷயத்துல நான் பண்ண பெரிய தப்பு, ஒரு பிறந்தநாளுக்கு ரூம்ல மிளகும் வரமிளகாயும் போட்டு கோழி வறுவல் பண்ணி பரோலோ திறந்தது. காரம் இருக்கிற வாயில துவர்ப்பும் போதையும் போனா எரிச்சல் ரெண்டு மடங்கு ஆகுது, ஒயினும் கசந்துச்சு, கோழியும் வீணா போச்சு. அந்த ஒயினுக்கு கொழுப்பு வேணும், அங்க மாட்டிறைச்சிய அதே ஒயின்ல மணிக்கணக்கா வேகவெச்சு பிராசாதோன்னு பண்ணுவாங்க, பார்மெஸான் மாதிரி முத்தின சீஸ் வெப்பாங்க, கொழுப்பும் உப்பும் துவர்ப்ப அடக்கிடும். நம்ம காரத்துக்கு எனக்கு சரியா வந்தது மொஸ்காதோ தாஸ்திதான், இனிப்பு, லேசா நுரை, போதை அஞ்சு சதவீதம் அளவுக்குத்தான். அத முதல் தடவை மோந்து பாத்தப்ப சின்ன வயசுல தேனியிலருந்து மாமா அட்டைப் பெட்டியில கொண்டு வர்ற பன்னீர் திராட்சை வாசனை வந்துச்சு, அப்படியே நின்னுட்டேன். பின்னாடி படிச்சா பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான், ரகம் வேறயா இருந்தாலும் வாசனை ஒரே வீட்டு வாசனை.

இன்னொண்ணு சூடு. ஒரு மே மாசம் ஊருக்குப் போனப்ப அப்பாவோட நண்பருக்குன்னு ஒரு நல்ல பார்பரெஸ்கோ எடுத்துட்டுப் போனேன், அவர் வெளியூர் போயிருந்ததால மூணு வாரம் ஹால் அலமாரியில இருந்துச்சு. திறந்தப்ப வேகவெச்ச பழ வாசனை, கார்க் மேல ஒயின் கசிஞ்ச கறை. நம்ம வெயில்ல பாட்டில வெளிய வெக்கவே கூடாது, வேற வழி இல்லன்னா ஃபிரிட்ஜ்ல படுக்க வெச்சுட்டு குடிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி எடுங்க. ரூம் டெம்பரேச்சர்னு அவங்க சொல்றது கல்லு வீட்டுக்குள்ள இருக்கிற 16, 18 டிகிரி, நம்ம ஹாலோட 34 டிகிரி இல்ல.

2023 மார்ச்ல அந்தத் தோட்டத்துக்குத் திரும்பப் போனேன். 2019 பரோலோ அந்த ஜனவரியிலருந்துதான் வெளிய விட சட்டம் அனுமதிச்சுது. ஓனர் என்னைய அடையாளம் கண்டுக்கிட்டு கீழ பீப்பாய் அறைக்குப் போய் ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்தார், காசு கொடுத்துத்தான் வாங்கினேன், வாங்க மாட்டேன்னார், நான் வெச்சுட்டு வந்தேன். மாசிடோனியாப் பெரியவர் பத்திக் கேட்டேன், முட்டி வலி, இப்ப வர்றதில்லையாம்.

ரூம்ல வந்து திறந்தேன். முதல் நாள் ஒரு கிளாஸ், துவர்ப்பு மட்டும்தான், நாக்க பல்லோட ஒட்ட வெச்சுடுச்சு. கார்க்க திருப்பி அடைச்சு ஜன்னலோரம் குளிர்ல வெச்சேன். ரெண்டாவது நாள் செர்ரி மாதிரி ஒரு பழம், கூடவே புதுசா தார் போட்ட ரோட்டு வாசனை, நெப்பியோலோவுக்கு தார் வாசனை வரும்னு எல்லாரும் சொல்றப்ப நான் நம்பினதில்ல. மூணாவது நாள் சாயங்காலம் அரை கிளாஸ் மிச்சம் இருந்துச்சு, அதுல காஞ்ச ரோஜா இதழ், கல்யாண வீட்டுல மறுநாள் காலையில தரையில கிடக்குமே, அந்த வாசனை. குடிச்சு முடிச்சுட்டு பாட்டில வெந்நியில ஊற வெச்சு கழுத்து சீட்ட கிழியாம உரிச்சேன். சிஞோராவோட நோட்டுல, அவங்க எழுதின முதல் வரிக்கு நேரா, இடது பக்கம் பரோலோ, வலது பக்கம் நெப்பியோலோ, அது மேல ஒட்டி வெச்சிருக்கேன்.